மறுமொழி: ‘வெளிப்படைத்தன்மை’ பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொற் குழுவினர்க்கு,

காப்புரிமைச் (பேட்டன்ட்) சட்டத்தின் ‘ஆப்வியஸ்னெஸ்’ என்பதற்கு, அதாவது முன்பே தெரிந்தவற்றிலிருந்து அத்துறைக்காரர் எவரும் எளிதில் வந்துசேரக்கூடியது, ஆகவே காப்புரிமை கிடையாது என்ற நிலைக்கு, ‘வெளிப்படைத்தன்மை’யே போதும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் டெண்டர்தான் ஞாபகத்துக்கு வரும். ‘வெளிப்படைத்தன்மை காரணமாக விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள். ஒளிக்காமல் சொன்னதற்கா தண்டனை என்பார்கள்.

ஓசூரில் மாணவர்களுக்காக நானே புனைந்த மேல்முறையீடு ஒன்று. நிக்கல் பிளேட்டிங் (முலாம் பூசும்) பட்டறையில் பொருளைக் கழுவும் தண்ணீரோடு நிக்கலும் போய்விடுகிறது. ரெசின் (தண்ணீரிலிருந்து உலோகத்தைப் பிடிக்கும் பிசின் மணிகள்) அதைப் பிடித்துக்கொள்ளும் என்கிறது ஒரு பழைய ஆவணம். ரெசினில் கந்தக அமிலம் விட்டால் நிக்கல் சல்பேட்டாக இறங்கும் என்கிறது இன்னொன்று. விண்ணப்பதாரர், இறங்கிய கரைசலின் மிகை அமிலத்தை நிக்கல் கார்பனேட்டால் தணித்து முலாம் பூசும் தொட்டியிலேயே திரும்ப விடுகிறார். காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர், இது ‘ஆப்வியஸ்’ என்று மறுக்கிறார். வழக்கு 117ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றம் போகிறது. (2021இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தைக் கலைத்த பிறகு நேரே அங்கேதான்.)

பட்டறையில் வேலை பார்த்த பையன் கேட்டான்: “தொட்டியில இருக்கறதே நிக்கல் சல்பேட்டு. வேற எங்க சார் ஊத்துவாங்க?” பக்கத்தில் இருந்த பெண் விடவில்லை: “அமிலத்தத் தணிக்க எல்லாரும் காஸ்டிக்கத்தான் எடுப்பாங்க. கார்பனேட் யாருக்குத் தோணும்?” காஸ்டிக் சோடா போட்டால் தொட்டியில் சோடியம் சேர்ந்துகொண்டே போகும் என்பது அவள் கட்சி. விடை தெரிந்தபின் விடுகதை சுலபம் என்றும் ஒரு குத்து.

இருவரும் எது கண்ணுக்குத் தெரிகிறது என்று பேசவில்லை. அந்த இரண்டு ஆவணங்களிலிருந்து கை நீட்டினால் இது எட்டுமா என்பதுதான் சண்டை. ‘அறிவுக்கு எட்டியவரை’ என்று நாம் சொல்கிறோமே, அந்த எட்டுதல். அதனால் என் பரிந்துரை ‘எளிதெட்டல்’, எதிர்ச்சொல் ‘எளிதெட்டாமை’. நம் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு ‘நாட் ஆப்வியஸ்’ என்று எதிர்மறையாகத்தான் பேசுகிறது. ஆகவே எதிர்ச்சொல்தான் அதிகம் புழங்கும்.

யாருக்கு எட்ட வேண்டும்? சட்டம் சொல்லும் ‘பெர்சன் ஸ்கில்டு இன் தி ஆர்ட்’டுக்குத் ‘துறைபோகியவர்’ அழகான சொல்தான், ஆனால் கரைகண்டவருக்கு எதுதான் எட்டாது? அமெரிக்கச் சட்டத்தின் 103ஆம் பிரிவு சாதாரணத் திறன் என்றே சொல்கிறது. ‘துறைபழகியவர்’ போதும். நிக்கலைத் திரும்ப எடுக்கும் ‘ரெகவரி’க்கு ‘மீட்பு’ என்பதில் யாருக்கும் சண்டையில்லை, விட்டுவிடலாம்.

ஓசூரிலிருந்து

*

ஓசூர் நண்பருக்கு,

டெண்டர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘எளிதெட்டல்’ என்று தருமபுரியில் என் மகளிடம் சொன்னேன், “எட்டா, ஒன்பதா?” என்றாள். ‘எளிதெட்டாமை’யில் அந்தக் குழப்பம் இல்லை. அதை மட்டும் சொல்லாக வைத்துக்கொண்டு, மற்றதை ‘எளிதில் எட்டுவது’ என்று பிரித்தே எழுதுவோமா? அப்புறம், துறைபழகியவரா, துறைப்பழகியவரா? என் காதுக்கு ‘ப்’ வேண்டாம். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.