பெங்களூரு மாடித் தோட்டத்தில் பேய்மிரட்டி: குச்சி ஏன் அழுகுகிறது?

பாணசவாடி_மாடி:
வணக்கம். சால்வியா மாதிரி கொத்துக் கொத்தாகப் பூத்து வண்டுகளை வரவழைக்கிற செடி வேண்டும், ஆனால் நம் ஊர்ச் செடியாக இருக்க வேண்டும். இங்கே நர்சரிகளில் கேட்டால் பிரேசில் நாட்டுச் சிவப்புச் சால்வியாவைத்தான் எடுத்துத் தருகிறார்கள். அதனால் பேய்மிரட்டி வளர்க்கலாம் என்று திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து குச்சிகள் வரவழைத்தேன். முழுக் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) நட்டு, மேலே பிளாஸ்டிக் கவர் மூடி, தினமும் தண்ணீர் தெளித்தும் அடி கறுத்துக் குழைந்துவிட்டது. மாடியில் மதியம் வரை நல்ல வெயில் உண்டு. தண்ணீர் போர்வெல்தான். குச்சி நடுவதா, விதை போடுவதா? மண் கலவை எப்படி?

செம்மண்_சட்டி:
கவர்தான் முதல் காரணம், கோகோபீட் இரண்டாவது. பேய்மிரட்டி இலையில் இருக்கும் வெள்ளைப் பஞ்சு போன்ற ரோமம், வறண்ட இடத்தில் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது போட்டிருக்கும் போர்வை. மூடிய கவருக்குள் அந்த ரோமம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு காயவே விடாது. பூஞ்சை இலையில் தொடங்கித் தண்டுக்கு இறங்கும். புதினாவுக்கும் கற்பூரவல்லிக்கும் உறவுதான், எல்லாம் துளசிக் குடும்பம், ஆனால் அவற்றைப் போல ஈரத்தில் வேர் விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இப்படிச் செய்து பாருங்கள். பூ இல்லாத கிளையைத் தேர்ந்தெடுங்கள். நுனி இளம்பச்சையாகவும் அடி லேசாகப் பழுப்பேறியும் இருக்க வேண்டும். முழுக்க முற்றிய கட்டையும் ஆகாது, வளைத்தால் துவளும் கொழுந்தும் ஆகாது. 10 முதல் 12 செ.மீ. நீளம், கடைசிக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான பிளேடால் வெட்டு. கீழ் இரண்டு கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு ஜோடி மட்டும் வையுங்கள். அவை பெரிய இலையாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம். அடியைக் குச்சி வேர் விடத் தூண்டும் வேர்ப்பொடியில் தொட்டு, மூன்று பங்கு மணலும் ஒரு பங்கு கோகோபீட்டும் கலந்த சின்னச் சட்டியில் நடுங்கள். கவர் வேண்டாம். காற்றோட்டமான, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, மேல் மண் காய்ந்த பிறகு ஓரமாகத் தண்ணீர் ஊற்றினால் போதும், இலை மேல் தெளிக்கவே வேண்டாம். வேர் வர மூன்று நான்கு வாரம் ஆகும். லேசாக இழுத்தால் பிடித்துக்கொள்ளும், அதுதான் அடையாளம்.

பெங்களூரில் இதற்கு ஏற்ற மாதம் பிப்ரவரி, மார்ச். செப்டம்பர், அக்டோபர் மழையில் வேண்டாம்.

அல்சூர்_பச்சை:
குச்சியைவிடச் சுலபமானது பதியன். யாரிடமாவது தாய்ச்செடி இருந்தால், தாழ்ந்த கிளையை வளைத்து, கணுவின் அடித்தோலை லேசாகச் சீவி, மண்ணில் அழுத்தி ஒரு கல்லை மேலே வைத்துவிடுங்கள். வேர் பிடிக்கும் வரை தாய்ச்செடியே ஊட்டும் என்பதால் அழுகல் பயம் குறைவு.

விதையும் முளைக்கும். பூ உதிர்ந்து, அதைத் தாங்கிய புல்லிவட்டம் (பூவின் அடிக் கிண்ணம்) பழுப்பான பிறகு கொத்தைத் தாளில் கவிழ்த்துத் தட்டினால் கருமையான சிறு மணிகள் விழும். மே கடைசி, ஜூனில் மணல் மேல் தூவி லேசாக அழுத்துங்கள், ஆழமாக மூடக் கூடாது. எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்காது, சட்டியை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். ஒரு வேண்டுகோள்: ரிசர்வ் காட்டில் செடியைப் பிடுங்குவது குற்றம். தனியார் நிலத்து வேலியோரம் இருந்தாலும், கேட்டுவிட்டுக் குச்சியோ விதையோ மட்டும் எடுங்கள், வேரோடு பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை.

வளர்ந்த செடிக்கு 14 அங்குல மண்சட்டி. செம்மண் நான்கு பங்கு, மணல் நான்கு, மண்புழு உரம் ஒன்று. இங்கே ஆற்று மணல் கிடைப்பது அரிது, எம்-சாண்டுதான் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் கட்டாயம் சலித்துக் கழுவுங்கள். அதில் இருக்கும் கல்தூள் நீர் பட்டால் சிமெண்ட் போல் இறுகி வேரை மூச்சடைக்கச் செய்யும். சலித்த பிறகு நிற்கும் 2-4 மி.மீ. குருணைதான் நமக்கு வேண்டியது. அடியில் தனியாக ஜல்லி அடுக்கு போடுவது வடிகாலுக்கு உதவாது. மண்ணும் ஜல்லியும் சேரும் இடத்துக்கு மேலேயே ஈரம் தேங்கி நிற்கும். கரடான பொருளைக் கலவை முழுக்கக் கலப்பதுதான் வழி. துளையை மறைக்க ஓர் ஓட்டுச் சில்லு போதும்.

பாணசவாடி_மாடி:
மிக்க நன்றி இருவருக்கும். பக்கத்து மாடியில் இதே செடி வேர் பிடித்திருக்கிறது, ஆனால் இலை மஞ்சளாகிறது. உரக் குறையா?

செம்மண்_சட்டி:
எந்த இலை என்று பாருங்கள். அடி இலை மஞ்சளாகி, மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் அது தண்ணீர் மிகுதி. சட்டியைத் தட்டி வேரைப் பாருங்கள், பழுப்பாகி வழுவழுப்பாக இருக்கும். அதை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் மாற்ற வேண்டும். நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து எட்டவில்லை என்று பொருள். போர்வெல் தண்ணீரின் உப்பும் காரத்தன்மையும் மண்ணில் சேரும்போது இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மழைநீர் பிடித்து ஊற்றுவதுதான் நல்ல தீர்வு. சாணக் கரைசலோ யூரியாவோ ஊற்றாதீர்கள். தழைச்சத்து கூடினால் தண்டு நீண்டு சாயும், பூ குறையும்.

அல்சூர்_பச்சை:
இன்னொன்று, பூச்சி. மாவுப்பூச்சி இலை ரோமத்துக்குள் வெள்ளையோடு வெள்ளையாக ஒளிந்துகொள்ளும், தூரத்தில் இருந்து தெரியாது. கணுவின் இடுக்கை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், எறும்பு ஏறினாலே சந்தேகப்படுங்கள். ஒரு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், மாலையில் மட்டும், முதலில் ஒரு கிளையில் அடித்துப் பார்த்துவிட்டு. ரோமம் எண்ணெயைப் பிடித்துக்கொள்வதால் வெயிலில் அடித்தால் இலை கருகும்.

பூ முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு கத்தரியுங்கள். இலை இல்லாத பழைய கட்டைக்குள் வெட்டிவிட்டால் அந்தக் கிளை துளிர்க்காமல் போகலாம், ஒவ்வொரு கிளையிலும் பச்சைக் கணு இரண்டாவது மிஞ்சட்டும். செடி ஒரு மீட்டருக்கு மேல் வளரும், கைப்பிடிச் சுவரோரம் வைத்தால் காற்றில் சாயாது. ஊதாப் பூவுக்குக் கருவண்டும் தேனீயும் வரும், அதனால் பூக்கிற நாட்களில் மருந்தே அடிக்காதீர்கள். கத்தரித்த இலையை வீசவும் வேண்டாம், திரியாகச் சுருட்டி நல்லெண்ணெயில் நனைத்து அகலில் ஏற்றினால் பச்சை இலையே நின்று எரியும்.