எஸ்எஸ்டி செருகினால் மவுஸ் தடுமாறுகிறது, ஏன்?

பொட்டிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் ஒரு ஹப் மாட்டியிருக்கிறேன். மேசையில் உள்ள எல்லாமே அந்த ஹப்பில்தான்: மானிட்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ, வயர்லெஸ் மவுஸின் டாங்கிள் (சிக்னல் வாங்கும் குட்டி ரிசீவர்), அதற்கு அடுத்த துளையில் வீடியோக்கள் வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி.

எஸ்எஸ்டி இல்லாதவரை மவுஸில் ஒரு குறையும் இல்லை. அதைச் செருகிப் பெரிய கோப்பு எதையாவது காப்பி போட்டால் போதும், கர்சர் நின்று நின்று நகர்கிறது. கிளிக் சில நேரம் விழுவதே இல்லை. ஒரு ஃபைலை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் வேறு ஃபோல்டரில் போட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் காதில் ப்ளூடூத் இயர்பட்ஸ் இருந்தால் பாட்டும் விட்டு விட்டுத்தான் கேட்கும். ஆனால் வைஃபைக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை, இதுதான் என்னைக் குழப்புகிறது.

செய்து பார்த்தவை: புது பேட்டரி போட்டாயிற்று. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவியாயிற்று. வேறு கம்பெனியின் டாங்கிள் மவுஸை நண்பரிடம் வாங்கி வந்து மாட்டினேன், அதே கதை. வயர் மவுஸ் மாட்டினால் சுத்தமாக ஓடுகிறது. காப்பி ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் சிபியு சும்மாதான் இருக்கிறது.

ஹப் கோளாறா, எஸ்எஸ்டி கோளாறா? கடையில் கேட்டால் "நல்ல மவுஸா ஒண்ணு வாங்கிடுங்க சார்" என்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் கேட்கலாம் என்று வந்தேன்.

நைட்ஷிஃப்ட்:
ப்ரோ, டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் "மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, ஹப்புக்குக் கரண்ட் போதாமல் இருக்கலாம். எஸ்எஸ்டி எழுதும்போது நன்றாகவே இழுக்கும்.

பொட்டிக்காரன்:
டிக்கை எடுத்துவிட்டேன், மாற்றம் இல்லை. லேப்டாப் சார்ஜரை ஹப் வழியாகத்தான் கொடுக்கிறேன், அதனால் கரண்ட் குறைபாடும் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒயர்மேன்:
தம்பி, மவுஸ் எதுவும் வாங்காதீர்கள். விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. வயர் மவுஸ் ஒழுங்காக ஓடுகிறது என்றால் விண்டோஸும் டிரைவரும் தப்பித்தன. டாங்கிள் இருப்பது ஹப்பில், ப்ளூடூத்தின் ஆன்டெனா இருப்பது லேப்டாப்புக்குள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ரிசீவர்கள் ஒரே நேரத்தில் திணறுகின்றன. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று: இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. உங்கள் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

குற்றவாளி யூஎஸ்பி 3. அந்த எஸ்எஸ்டி நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் பேசும்போது கேபிள், கனெக்டர், எஸ்எஸ்டியின் பெட்டி என்று எல்லா இடத்திலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசியும். அது சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் விழுகிறது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 2012-லேயே இன்டெல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் 20 டெசிபல் அளவுக்கு ஏறலாம் என்று அதில் இருக்கிறது. 20 டெசிபல் என்றால் சக்தியில் நூறு மடங்கு. மவுஸிலிருந்து வரும் சிக்னலோ மிகவும் மெலிந்தது. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று போனில் பேசுகிற நிலைமைதான் உங்கள் டாங்கிளுக்கு.

உறுதிப்படுத்த, காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. போனோடு வந்த சார்ஜிங் கேபிள் இருக்குமே, இரண்டு பக்கமும் டைப்-சி உள்ளது, அதில் எஸ்எஸ்டியை லேப்டாப்பிலோ ஹப்பிலோ மாட்டுங்கள். அந்த வகைக் கேபிள்கள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 மட்டும்தான். வேகக் கம்பிகளே உள்ளே கிடையாது. எஸ்எஸ்டி 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அதே ஃபைலைக் காப்பி போட்டுப் பாருங்கள். மவுஸ் சரியாகிவிட்டால் வேறு எங்கேயும் தேட வேண்டாம்.

அரைவேக்காடு:
ஒரு சந்தேகம் சார். 5 ஜிகாபிட்டுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் என்ன தொடர்பு? இரைச்சல் 5-இல் அல்லவா வர வேண்டும்? அப்புறம் ப்ளூடூத் சேனல் தாவித் தாவிப் போகும் என்று படித்திருக்கிறேன். கெட்ட சேனலைத் தவிர்த்துவிடாதா?

ஒயர்மேன்:
நல்ல கேள்வி. ஒயரில் ஒன்று, பூச்சியம், ஒன்று, பூச்சியம் என்று மாறி மாறிப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கினால்தான் ஓர் அலை, அதாவது ஓர் அலைக்கு இரண்டு பிட். நொடிக்கு 5 ஜிகாபிட் போனால் 2.5 கிகாஹெர்ட்ஸ் அலை கிடைக்கும். நிஜத்தில் பிட்டுகள் அப்படி ஒழுங்காக வருவதில்லை. ஒரே இடத்தில் குவியாமல் இருக்க டேட்டாவைக் கலைத்துத்தான் அனுப்புகிறார்கள். அதனால் இரைச்சல் ஒரு கூர்மையான கோடாக நிற்காமல் அகலமாகப் பரவிக் கிடக்கிறது, 2.4 முழுவதும் அதற்குள் மாட்டிக்கொள்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை அதுதான். ப்ளூடூத் 2402-இலிருந்து 2480 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் தாவும். பக்கத்து வீட்டு வைஃபை தொந்தரவு செய்தால் அந்தப் பகுதியை விட்டுத் தாவித் தப்பித்துக்கொள்ளும். இங்கே எந்தச் சேனலுக்குப் போனாலும் அதே சத்தம், எங்கே ஓடும்? வடிகட்டவும் வழியில்லை. கேட்க வேண்டிய சிக்னலும் அதே இடத்தில்தானே இருக்கிறது.

நைட்ஷிஃப்ட்:
அப்படியானால் எஸ்எஸ்டி கேபிளில் அலுமினியம் ஃபாயில் சுற்றினால்? கேபிளில் அந்தக் கறுப்பு உருண்டை மாட்டுவார்களே, அது?

ஒயர்மேன்:
ஃபாயில் வேண்டாம் தம்பி. சும்மா சுற்றிய ஃபாயில் கனெக்டரின் உலோகக் கூட்டோடு சரியாகச் சேராமல் பெரிய பலன் தராது. நழுவி ஏதாவது பின்னைத் தொட்டால் போர்ட் போய்விடும். எஸ்எஸ்டியின் சூடும் வெளியே போகாது. கறுப்பு உருண்டை ஃபெர்ரைட். அந்த வகை பெரும்பாலும் இதைவிடக் குறைந்த அதிர்வெண்களுக்கானது, 2.5 கிகாஹெர்ட்ஸில் அதை நம்ப முடியாது.

பொட்டிக்காரன்:
சார், சோதனை செய்தாயிற்று! போன் கேபிளில் மாட்டினால் காப்பி வேகம் 40 எம்பியைத் தொடவே முக்குகிறது, ஆனால் மவுஸ் அருமையாக ஓடுகிறது, பாட்டும் அறுபடவில்லை. பழைய கேபிளுக்கு மாறியதும் மறுபடி தொடங்கிவிட்டது. வைஃபையும் நீங்கள் சொன்னபடி 5 கிகாஹெர்ட்ஸ்தான்.

இப்போது இரண்டு கேள்வி. வேகத்தை விட்டுக்கொடுக்காமல் சரிசெய்ய முடியுமா? காப்பி எதுவும் ஓடாதபோதும் சில நேரம் லேசாகத் தடுமாறுகிறதே, அது ஏன்?

ஒயர்மேன்:
இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி 3 இணைப்பு விழித்திருக்கும்வரை, அனுப்ப டேட்டா இல்லாவிட்டாலும் சும்மா சிக்னல் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். தூக்க நிலைக்குப் போனால்தான் அமைதி. சில எஸ்எஸ்டி பெட்டிகள் எளிதில் தூங்குவதில்லை.

தீர்வு, தூரம். டாங்கிளை ஹப்பை விட்டு வெளியே கொண்டுவாருங்கள். ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள், சாதாரண 2.0 வகை, நூறு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கடைக்காரர் "3.0 இருக்கு, இன்னும் நல்லது" என்று எடுத்துக் கொடுப்பார், வாங்காதீர்கள். மவுஸுக்கு அந்த வேகம் எதற்கும் தேவையில்லை. டாங்கிளை மவுஸ் பேடுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இரைச்சல் மூலத்தை விட்டு விலகுகிறது, மவுஸுக்கும் நெருங்குகிறது, இரண்டு பக்கமும் லாபம்.

மாடித்தோட்டம்:
ஒயர்மேன் சொல்வதற்கு என் வீடே சாட்சி. ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் எஸ்எஸ்டியும், சென்சார்களோடு ரேடியோவில் பேசும் ஜிக்பீ டாங்கிளும் மாட்டி வைத்திருந்தேன். மாடியில் உள்ள ஈரப்பத சென்சார்கள் தினமும் காணாமல் போகும். ஜிக்பீயும் 2.4தான். நான் சென்சார்களைச் சந்தேகப்பட்டுப் பேட்டரியாக மாற்றிக்கொண்டிருந்தேன். எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, டாங்கிளை நீல போர்ட்டிலிருந்து கறுப்பு போர்ட்டுக்கு மாற்றியதும் எல்லா சென்சாரும் வந்து உட்கார்ந்துவிட்டன. அந்தப் போர்டில் நீலம் இரண்டும் 3.0, கறுப்பு இரண்டும் 2.0.

லேப்டாப்களில் இந்த நிறத்தை நம்ப வேண்டாம். நீலம் போடுவது வழக்கம்தான், கட்டாயம் இல்லை.

அரைவேக்காடு:
பெட்டியில் 3.0 என்று இல்லாமல் "3.2 ஜென் 1" என்று போட்டிருந்தால் அதற்கும் இதே பிரச்சினைதானா?

மாடித்தோட்டம்:
அதேதான். 3.0-க்கு முதலில் 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள், பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றுமே அதே 5 ஜிகாபிட். பெயர் வைத்தவர்களைத் தனியாக உட்காரவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

பொட்டிக்காரன்:
எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி வந்தாயிற்று. டாங்கிள் இப்போது மானிட்டர் ஸ்டாண்டின் அடியில். முழு வேகத்தில் காப்பி ஓடும்போதும் மவுஸ் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நன்றி சார், ஒரு மவுஸ் காசு மிச்சம்.

இயர்பட்ஸ் மட்டும் இன்னும் அவ்வப்போது விக்குகிறது. அதன் ஆன்டெனாவை வெளியே இழுத்து வைக்க முடியாதே!

ஒயர்மேன்:
ஆன்டெனாவை நகர்த்த முடியாது, எஸ்எஸ்டியை நகர்த்தலாமே. பல லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் மேல் ஓரத்திலோ கீல் பக்கத்திலோ இருக்கும். எஸ்எஸ்டியையும் ஹப்பையும் அங்கிருந்து விலக்கி மேசையின் மறு ஓரத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது உள்ள கேபிள் எஸ்எஸ்டியோடு வந்ததா, தனியாக வாங்கியதா? ஷீல்டு, அதாவது கம்பிகளைச் சுற்றிய உலோக உறை, ஒழுங்காக இல்லாத கேபிள்தான் பல நேரம் அதிகம் கசியும்.

பொட்டிக்காரன்:
தனியாக வாங்கியது, மலிவு விலைதான். எஸ்எஸ்டியோடு வந்த குட்டைக் கேபிளை டிராயரிலிருந்து தேடி எடுத்து மாட்டினேன். எஸ்எஸ்டியை லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து வலது ஓரத்துக்கு மாற்றினேன். காப்பி ஓடும்போதே ஒரு முழுப் பாட்டு அறுபடாமல் கேட்டேன். எது சரிசெய்தது, கேபிளா இடமா என்று பிரித்துப் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை.

நைட்ஷிஃப்ட்:
என்னிடம் கீபோர்டு டாங்கிள், மவுஸ் டாங்கிள் இரண்டும் இருக்கின்றன. ஒரே எக்ஸ்டென்ஷனில் ஒரு சின்ன ஹப் போட்டு இரண்டையும் மாட்டலாமா?

ஒயர்மேன்:
தாராளமாக. அந்தச் சின்ன ஹப் 2.0 ஆக இருக்கட்டும். மீதித் துளைகளில் பென் டிரைவ் செருகிப் பெரிய கோப்பு ஏற்ற வேண்டாம், அந்த வேகத்தில் காத்திருக்கப் பொறுமை வேண்டும்.