மறு: ஸ்விட்ச்பேக் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

மலை ரயில் பாதைகளில் வரும் 'ஸ்விட்ச்பேக்' என்ற ஏற்பாட்டுக்குத் தமிழில் 'கொண்டை ஊசித் தடம்' என்றே வைத்துவிடலாம் என்று இழையில் சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்புகிறது. ஸ்விட்ச்பேக்கில் ரயில் திரும்புவதே இல்லை, ஒரு தடத்தின் கடைசிவரை போய் நின்று, அப்படியே பின்பக்கமாக நகர்ந்து வேறு தடத்துக்கு மாறுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாத சொல் நமக்கு வேண்டாம்.

ஜப்பானில் நகானோ பகுதியில், சிகுமா நகரத்து மலைச்சரிவில் ஒபசுதே என்று ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. ஷினோனோய் பாதையில் 1900 நவம்பரில் திறந்தது, கடல் மட்டத்திலிருந்து 551 மீட்டர் உயரம். அங்கே பாதை 1 கிலோமீட்டருக்கு 25 மீட்டர் ஏறுகிறது. நீராவி எஞ்சின் காலத்தில் அந்தச் சரிவில் பாரத்தோடு நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு, அதனால் முதன்மைப் பாதையிலிருந்து பிரித்து, சமதளமாக ஒரு தடம் போட்டு, அதில் நடைமேடையைக் கட்டினார்கள். அந்தத் தடம் அங்கேயே முடிந்துவிடும். நிற்கிற ரயில் உள்ளே வரும்போதோ வெளியே போகும்போதோ ஒருமுறை பின்னால் போயே ஆகவேண்டும். நிற்காத ஷினானோ விரைவு ரயில் பக்கத்துப் பாதையில் நேராக ஏறிப் போய்விடும். நடைமேடையில் இருக்கைகளைத் தண்டவாளத்துக்கு முதுகு காட்டிப் போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தால் எதிரே படிக்கட்டு வயல்களும் கீழே சமவெளியும்தான். ஜப்பானின் மூன்று பெரிய ரயில் ஜன்னல் காட்சிகளில் இதையும் ஒன்றாகச் சொல்வார்கள்.

இப்போது ஜப்பானிலேயே ஷிமானே பகுதியில், கிசுகி பாதையில் உள்ள இசுமோ சகனே நிலையத்தைப் பாருங்கள், 1937இல் திறந்தது. அங்கே நிற்காமல் போகிற பேச்சே கிடையாது. அடுத்த நிலையமான மீயினோஹராவுக்குச் சுமார் 160 மீட்டர் ஏற வேண்டும், அதற்காக எல்லா ரயிலும் Z எழுத்துபோல முன்னும் பின்னுமாக இரண்டு தடவை திசை மாற்றித்தான் மலையேறும். அதே மலையில் கார்ச் சாலை வளையமாகச் சுற்றி ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஆக, இவை இரண்டு ஏற்பாடுகள். ஒன்று நிற்பதற்காக, மற்றது ஏறுவதற்காக. என் பரிந்துரை:

முடிந்துபோகிற தடத்துக்கு முட்டுத்தடம், முட்டுச்சந்து எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஸ்விட்ச்பேக்குக்குப் பொதுவாகப் பின்வாங்குதடம். ஒபசுதே மாதிரி இருந்தால் பின்வாங்கு நிலையம், இசுமோ சகனே மாதிரி இருந்தால் பின்வாங்கு ஏற்றம்.

'பின்வாங்கு' என்றால் தோற்று ஓடுவதுபோல் ஒலிக்கிறதே என்று யாராவது கேட்கலாம். வண்டியில் பூட்டிய மாடு பின்வாங்கியது என்றும் சொல்கிறோம், அதில் தோல்வி எங்கே வந்தது? 'எதிர்த்திசை மீள்நகர்வுத் தடம்' என்று ஒருவர் முன்வைத்ததைவிட இது வாயில் நுழைகிறது.

இன்னொன்று, இதை அவசரமாக முடிவு செய்வது நல்லது. மின்சார ரயில் வந்தபின் இந்தத் தடங்களுக்குத் தேவை குறைந்துவிட்டது. வடக்கு ஜப்பானின் ஓவு பாதையில் வரிசையாக இருந்த நான்கு நிலையங்களின் பின்வாங்குதடங்களையும், யமகாதா ஷின்கான்சென் என்ற விரைவு ரயிலுக்காகத் தண்டவாள இடைவெளியை அகலப்படுத்தியபோது, 1990இல் எடுத்துவிட்டார்கள். அவற்றின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவருக்குச் சொல் இல்லாமல் போகக்கூடாது.

முட்டுத்தடத்தில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். மற்ற மூன்றைப் பற்றி எழுதுங்கள்.