கட்டபொம்மன் ஜாக்சனிடம் பேசியது: வசனமா, வரலாறா?

கேள்வி (வரலாற்று ஆசிரியை):
1798ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் கட்டபொம்மனுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சனுக்கும் நடந்த சந்திப்பைப் பற்றித் தேர்வில் எழுதச் சொன்னேன். ஐந்தாறு மாணவர்கள், 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் சிவாஜி கணேசன் பேசும் வசனத்தைப் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். முழு மதிப்பெண் கொடுக்க மனம் வரவில்லை. அந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்ததால்தான் நானே வரலாறு படிக்க வந்தேன் என்பதால், சிவப்பு மையால் அடிக்கவும் கை வரவில்லை. வரலாற்றுப் படத்தில் கற்பனைக்கு எதுவரை இடம் கொடுக்கலாம்?

பதில் (ஆவணக் காப்பகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):
வசனம் கற்பனை என்பதைவிட, அது எதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். படத்தில் கட்டபொம்மன் வரி கேட்கும் உரிமையையே மறுக்கிறார். பதிவுகளிலோ, 3,310 பகோடா (அக்காலப் பொற்காசு) வரி நிலுவை என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதியை அவர் கட்டிவிட்டிருந்தார். இராமநாதபுரத்தில் கணக்குப் பார்த்தபோது 1,080 பகோடாதான் பாக்கி. குற்றாலத்திலும் பிற ஊர்களிலும் காண மறுத்து அலைக்கழித்த ஜாக்சன், கடைசியில் செப்டம்பரில் மூன்று மணி நேரம் அவரை நிற்க வைத்தே விசாரித்தார். வெளியேறும்போது நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். பிறகு நடந்த விசாரணையில் கட்டபொம்மன் குற்றமற்றவர் என்று கூறப்பட்டு, ஜாக்சன்தான் பதவி இழந்தார். அதாவது, கணக்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கணக்கே கேட்காதே என்று முழங்குபவராகப் படம் மாற்றிவிட்டது. கம்பெனியின் அநியாயம் அதனால் குறைந்துதான் தெரிகிறது என்பது என் எண்ணம்.

பதில் (நாடகக்காரர்):
ஐயா சொல்வது சரிதான். ஆனால் பாக்கித் தொகையைப் பற்றிய வாதத்தை, அதுவும் இடையில் ஒரு துபாஷி நின்று மொழிபெயர்க்க, மேடையில் நடத்திப் பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும். மேலும், கட்டபொம்மன் கதையில் கற்பனை சினிமாவோடு தொடங்கவில்லை. தென்பாண்டிச் சீமையின் கதைப்பாடல்கள் அவரை நெடுங்காலம் முன்பே வேறொரு ஆளாக ஆக்கியிருந்தன. படமும் முதலில் மேடை நாடகமாக இருந்ததுதான். படத்தில் வரும் வெள்ளையத்தேவன், வெள்ளையம்மாள் காதலுக்கு ஆதாரம் கேட்டு யாரும் சண்டைக்கு வருவதில்லை, ஏனென்றால் அது யாருடைய நோக்கத்தையும் திரிப்பதில்லை.

பதில் (எட்டயபுரம் பக்கத்து ஊர்க்காரர்):
நோக்கத்தோடு பழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மனின் கோட்டையான பாஞ்சாலங்குறிச்சி 1799இல் விழுந்த பின் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆனால் ‘எட்டப்பன்’தான் துரோகி என்பதற்கு இன்னொரு சொல்லாகிவிட்டது, பள்ளியில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். எட்டயபுரத்தார் கம்பெனி பக்கம் நின்றதை நான் மறைக்கவில்லை. இருவர் செய்ததை ஒரு பெயரின் தலையில் கட்டுவதுதான் உறுத்துகிறது.

பதில் (ஆவணக் காப்பகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):
அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்ட மறுநாள் கம்பெனிப் படைத் தளபதி பானர்மன் எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி, கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் இருக்கிறது. தன்னைப் பிடிக்க முனைந்த எட்டயபுரத்தாரைக் கட்டபொம்மன் அடிக்கடி வெறுப்போடு பார்த்தார் என்றும், கலங்காமல் நடந்து போனார் என்றும் எதிரியே எழுதியிருக்கிறார். ஆகவே அந்த இடத்தில் படத்தின் மிடுக்குக்கு ஆதாரம் உண்டு, சொற்களுக்குத்தான் இல்லை. படத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நான் ஏங்குவது அதே கடிதத்தின் மற்றொரு செய்தியை: போகும் வழியில் ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார், மரத்தடியில் நின்று, கோட்டையை விட்டு வந்ததற்கு வருந்தி, அதைக் காத்து அங்கேயே மடிந்திருக்கலாம் என்றார்.

கேள்வி கேட்டவர்:
இந்தக் கடைசிச் செய்தியை இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் நான் வகுப்பில் சொன்னதில்லை. வசனம் எழுதியவர்களுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை படக்காட்சியை ஓட்டிவிட்டு, 1,080 என்ற எண்ணைப் பலகையில் எழுதி, இந்தத் தொகைக்காக ஜாக்சன் ஏன் அத்தனை ஊர் அலையவிட்டார் என்று கேட்கப்போகிறேன்.