பெருநகரத்தை விட்டுச் சிறுநகர வேலைக்குப் போகலாமா?

புதுத்தடம்:
வயது 38. பெருநகரத்தில், இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நிறுவனம் தொலைவிலுள்ள ஒரு சிறுநகரத்தில் புதிய ஆலை தொடங்குகிறது. அங்கே பிரிவின் முழுப் பொறுப்பையும் எனக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். சம்பளம் ஏறக்குறைய இதேதான். பதவி மட்டும் இரண்டு படி மேலே. மனைவி தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குத் தணிக்கை செய்கிறார். மகள் ஆறாம் வகுப்பு. 'கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள், நீ பட்டணத்தை விட்டுப் போகிறேன் என்கிறாயே' என்று அப்பா வருத்தப்படுகிறார். எனக்கோ இந்த வாய்ப்பை விட மனமில்லை. இரண்டு பக்கமும் அறிந்தவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை:
போங்கள் நண்பரே. நானும் உங்கள் துறைதான், ஏறக்குறைய உங்கள் வயதில்தான் பெருநகரத்தை விட்டுச் சிறுநகரத்துக்கு வந்தேன்.

பெரிய அலுவலகத்தில் நம் கைக்கு வருவது வேலையின் ஒரு துண்டு மட்டுமே. அளவை அறிக்கை வரும், கையெழுத்திடுவோம், அடுத்த மேசைக்குப் போகும். இங்கே வந்த புதிதில், நாங்கள் அனுப்பிய ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) ஒன்று விரிசல் விட்டுவிட்டதென்று வாடிக்கையாளர் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்கே வந்துவிட்டார். மேசைமேல் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தோம். தண்டையும் சக்கரத்தையும் பூட்டும் 'கீ' என்ற துண்டு உட்காரும் காடியின் மூலையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. அந்த மூலை கத்தி முனைபோலக் கூராக இருந்தது. அவரையும் அழைத்துக்கொண்டு மில்லிங் பிரிவுக்கு நடந்து போனேன். மூலை வளைவாக விழும்படி வெட்டும் கட்டரை மாற்றினோம், வரைபடத்தையும் திருத்தினோம். மாலையில் புதிய ஷாஃப்ட்டோடு திரும்பிப் போனார். பழைய அலுவலகத்தில் இதே புகார் மூன்று பிரிவுகளைச் சுற்றி வர ஒரு மாதம் ஆகியிருக்கும்; அந்த ஷாஃப்ட்டை நான் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

இன்னொன்று, பயண நேரம். புரூனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் பல ஆண்டுகள் திரட்டிய குடும்பத் தரவுகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலைக்குப் போய்வரும் நேரம் கூடக் கூட மனிதர்கள் தங்கள் வாழ்க்கையில் காணும் நிறைவு குறைகிறது. கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அதை முழுமையாக ஈடுசெய்யவில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் நின்றுகொண்டே போய்வந்தவர்களுக்கு இதற்கு ஆய்வே வேண்டாம்.

நான்மாடம்:
ஆற்றங்கரை அவர்கள் சொன்னது நல்ல அனுபவம்தான். ஆனால் நான் ஆட்சேர்ப்புத் துறையில் நெடுங்காலமாக இருக்கிறேன்; இப்படிப் போனவர்கள் திரும்பி வர முயலும்போது என் மேசைக்குத்தான் வருகிறார்கள். அதனால் சொல்கிறேன், புதுத்தடம் ஐயா: அந்த ஊரில் உங்கள் வேலைக்கு இரண்டாவது முதலாளி யார்? இந்தக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாவிட்டால் போகாதீர்கள்.

ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் ஏன் ஒரே இடத்தில் குவிகிறார்கள் என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890லேயே விளக்கியிருக்கிறார். முக்கியமான காரணங்களில் ஒன்று, திறமையைத் தேடும் முதலாளிகளும் வேலையைத் தேடும் திறமையாளர்களும் அங்கே ஒருவரையொருவர் எளிதில் கண்டுகொள்கிறார்கள் என்பது. ஒரே ஆலை உள்ள ஊரில் நடப்பது இதற்கு நேர் எதிர். உழைப்பை வாங்க ஒரே ஒருவர் இருந்தால் கூலியை அவரே தீர்மானிக்கிறார். பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இல் ஆராய்ந்தது இந்த நிலைமையைத்தான். நீங்கள் வீடு மாற்றி, மகளைப் பள்ளியில் சேர்த்த மறுநாளே உங்கள் பேரம் பேசும் வலிமை பாதியாகிவிடும். சம்பள உயர்வு தராவிட்டால் எங்கே போவீர்கள்? மேலாளரும் அதை அறிவார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, அறிந்திருந்தாலே போதும்.

புதிய ஆலை என்பதால் இன்னும் அஞ்சுகிறேன். சந்தை சரிந்தால் நிறுவனங்கள் முதலில் கைவைப்பது தலைமையகத்திலிருந்து தொலைவில் இருப்பதன்மேல்தான்.

ஆற்றங்கரை:
அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் பெருநகரத்தில் கற்றது ஊர் மாறினால் அழிந்துவிடும் என்பதுபோல் பேசுகிறீர்கள். ஹோர்ஹே தெ லா ரோகா, தியேகோ பூகா என்ற பொருளியலாளர்கள் இருவரும் ஸ்பெயின் நாட்டுத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பெரிய நகரங்களில் பெற்ற அனுபவம் அதிக மதிப்புள்ளது. அதைவிட முக்கியமாக, சிறிய ஊருக்குப் போன பிறகும் அந்த மதிப்பின் பெரும்பகுதி கூடவே போகிறது. புதுத்தடம் நண்பருக்கு வயது 38. கற்க வேண்டிய வயதில் பெருநகரத்தில் கற்றுவிட்டார். அதை முழுதாகப் பயன்படுத்தும் இடத்துக்குத்தான் இப்போது போகிறார்.

நான்மாடம்:
அதே ஆய்வை நீங்கள் பாதி மட்டும் சொல்கிறீர்கள். சேர்த்தது கூட வரும், சரி. புதிதாகச் சேர்வது? பெருநகரத்தில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் சிறிய ஊரில் கழியும் ஆண்டைவிட அதிகம் சேர்க்கிறது என்பதுதான் அந்த ஆய்வின் மறுபாதி. இவருக்கு இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிக்காலம் இருக்கிறது.

தொடர்புகளையும் மறக்க வேண்டாம். சமூகவியலாளர் மார்க் கிரனவெட்டர் 1973இல் எழுதியது இன்றும் என் துறையில் அன்றாடம் உண்மையாகிறது: வேலை வாய்ப்புச் செய்தி நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். கருத்தரங்கில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பழைய அலுவலகத்தில் மூன்றாம் தளத்தில் இருந்தவர் ஆகியோர்தான் புதிய செய்தியைக் கொண்டுவருகிறார்கள். அந்த அறிமுகங்கள், பார்க்காவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் உலர்ந்துவிடும்.

வெண்தாழை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஷாஃப்ட்டைப் பற்றிப் பேசினீர்கள், ஸ்பெயினைப் பற்றிப் பேசினீர்கள். தணிக்கை செய்யும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நான் நுண்ணுயிரியல் படித்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். கணவரின் பதவி உயர்வுக்காக இடம்பெயர்ந்தோம். அந்த ஊரில் என் படிப்புக்கு வேலை இல்லை என்று எங்கள் இருவருக்கும் முன்பே தெரியும்; 'போனபிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லிக்கொண்டோம். பார்த்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. பள்ளியில் பகுதிநேரமாகக் கற்பித்தேன். விண்ணப்பப் படிவங்களில் 'தொழில்' என்ற இடம் வரும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். கணவர் அன்பானவர், என்மேல் அக்கறை உள்ளவர். அவருடைய அக்கறை எனக்கு நுண்ணோக்கியைத் திருப்பித் தரவில்லை.

ஒருவருக்குப் பதவி உயர்வு, மற்றவருக்குப் பணி இழப்பு என்றால் அது குடும்பத்துக்கு வந்த உயர்வு அல்ல. இரண்டு சம்பளங்களையும் கூட்டிப் பாருங்கள். கூட்டிய பிறகும், மனைவியின் பெயரில் இருந்த பணி என்னவாகிறது என்று தனியாகக் கேளுங்கள்.

எண்ணும் எழுத்தும்:
வெண்தாழை அம்மா சொன்னதுதான் இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். தணிக்கை என்பதால் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று யாராவது எளிதாகச் சொல்லிவிடக்கூடும், அதனால் இதைச் சேர்க்கிறேன்.

சீனாவில் ஒரு பயண ஏற்பாட்டு நிறுவனத்தில் பொருளியலாளர் நிக்கலஸ் புளூம் குழுவினர் செய்த இரண்டு சோதனைகள் உண்டு. 2015இல் வெளியான முதல் ஆய்வில், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அந்தச் செயல்திறனுக்கு ஏற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2024இல் வெளியான இரண்டாவது ஆய்வில், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் பதவி உயர்வு பாதிக்கப்படவில்லை; வேலையை விட்டு விலகுவோரும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புரிவது: வாரத்தில் பாதிக்கு மேல் அலுவலகத்தில் முகம் காட்ட முடிந்தவர்களுக்கு இழப்பு இல்லை. அப்படியானால் சிறுநகரம் என்பதைவிட அது எவ்வளவு தொலைவு என்பதே கேள்வி. வாரத்தில் மூன்று நாளாவது மனைவி பழைய அலுவலகத்துக்குப் போய்வர முடியுமா? புதுத்தடம் 'தொலைவிலுள்ள' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் முடியாது போலிருக்கிறது.

ஆற்றங்கரை:
வெண்தாழை சகோதரிக்கு என் மரியாதை. உங்கள் இழப்பை மறுத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் நுண்ணுயிரியலும் தணிக்கையும் ஒன்றல்ல. ஆய்வுக்கூடம் இல்லாத ஊரில் ஆய்வாளருக்கு வேலை கிடையாது. வரவும் செலவும் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? சிறுநகர வணிகர்கள் வரிக்கணக்குக்கு நல்ல ஆள் கிடைக்காமல் பெரிய ஊருக்கு அலைவதை நான் தினமும் பார்க்கிறேன். ஓர் ஆலை வந்தால் அதற்குச் சரக்கு கொடுப்போர், வண்டி ஓட்டுவோர், ஒப்பந்தக்காரர் என்று பலர் கிளம்புவார்கள். எல்லோருக்கும் கணக்கு வேண்டும். சொந்த அலுவலகம் போட இதைவிட நல்ல தருணம் வருமா?

வெண்தாழை:
வரலாம். ஆனால் அவருக்குச் சொந்த அலுவலகம் போட விருப்பமா? மாதச் சம்பளத்தில் இருப்பவரைத் தொழில்முனைவோராக மாற்றும் முடிவை வேறு யாரோ ஏன் எடுக்க வேண்டும்? புதிய ஊரில் வணிகர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுமளவுக்கு நம்பிக்கை வரவே ஆண்டுகள் ஆகும். அதுவரை?

நான்மாடம்:
அப்பாவைப் பற்றியும் ஒரு சொல். அவர் உங்களோடு வருகிறாரா? பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ரத்தக்கசிவு இல்லை என்று தலையை ஸ்கேன் செய்து உறுதிப்படுத்திய பிறகே கொடுக்க முடியும். நள்ளிரவில் ஸ்கேன் எடுத்து, அதைப் பார்த்து முடிவெடுக்கும் மருத்துவர் இருக்கும் இடம் அந்த ஊரிலிருந்து எவ்வளவு தூரம்?

ஆற்றங்கரை:
தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள் அம்மா, நிமிடத்தில் கேளுங்கள். நெரிசலில் ஆம்புலன்ஸ் சைரன் அலற அப்படியே நிற்பதை நகரத்தில் யார் பார்க்கவில்லை?

ஆனால் கேள்வி சரியானது. புதுத்தடம் நண்பரே, ஆலையைப் பார்க்கப் போகும்போது மருத்துவமனைக்கும் போங்கள். இரவுப் பணியில் யார் இருக்கிறார்கள், ஸ்கேன் எந்நேரமும் ஓடுகிறதா என்று கேளுங்கள். மகளுக்குப் பார்க்கும் பள்ளியில் கணக்கும் அறிவியலும் மேல்வகுப்புகளுக்கு எடுக்க நிலையான ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். நிறுவனத்தின் வண்டியில் போகாதீர்கள். அவர்கள் காட்டுவதைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். குடும்பத்தோடு, சொந்தச் செலவில், வாரநாளில் போய்த் தங்குங்கள்.

புதுத்தடம்:
அனைவருக்கும் நன்றி. வெண்தாழை அம்மா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். 'சொந்த அலுவலகம் எனக்கு வேண்டாம்; நிறுவனத்தோடு பேசி வேறு கிளைக்கு மாற்றம் கிடைக்குமா என்று முதலில் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் நீங்கள் இந்தப் பதவியை ஏற்கக் கூடாது' என்று சொல்லிவிட்டார். ஒப்புக்கொண்டேன். அப்பா வரமாட்டார், தம்பியோடு பெருநகரத்திலேயே இருப்பார்.

எங்கள் நிறுவனத்திடம் இரண்டு கேட்கப் போகிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்து நான் விரும்பினால் தலைமையகத்தில் இதே நிலைப் பதவி. அதற்குள் ஆலை மூடப்பட்டால் வீடு மாற்றும் செலவோடு திரும்ப அழைத்துக்கொள்வது.

நான்மாடம்:
கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். 'வாய்ப்பிருந்தால் பரிசீலிக்கப்படும்' என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். அந்த வாசகத்தோடு என்னிடம் வந்தவர்களுக்கு நான் எதுவும் செய்ய முடிந்ததில்லை. பதவியின் பெயரும் சம்பளப் படிநிலையும் கடிதத்தில் இருக்க வேண்டும். அப்படிக் கொடுத்தாலும் என் கருத்து மாறவில்லை, ஐயா. இரண்டாவது முதலாளியின் பெயரை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

ஆற்றங்கரை:
கடிதம் வாங்குவதில் நானும் நான்மாடம் அம்மாவின் பக்கம். ஆனால் இரண்டு ஆண்டு என்று கேட்காதீர்கள், மூன்று என்று கேளுங்கள். இயந்திரங்களை நிறுவி, ஆட்களைப் பழக்கி, முதல் சரக்கு தேறி வெளியே போகவே ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். இரண்டாம் ஆண்டின் முடிவில் திரும்பினால் கட்டிய களைப்பு மட்டும்தான் உங்களுக்கு மிஞ்சும். நடத்திக் காட்டிய அனுபவம் உங்களுக்குப் பின்னால் வருபவருக்குப் போய்விடும்.