பழைய கியர்க் காரின் கிளட்ச் பற்றி ஆலோசனை தேவை

உறவுகளுக்கு வணக்கம். பல ஆண்டுகள் ஸ்கூட்டரிலேயே வேலைக்குப் போய்வந்த நான், சென்ற மாதம் ஐந்து கியர்களும் 796 சிசி இயந்திரமும் கொண்ட பழைய மாருதி சுசுகி அல்ட்டோ ஒன்றை வாங்கி, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து, கடலின் குறுக்கே செல்லும் பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைத் தீவுக்கு நாள்தோறும் அதிலேயே போய்வருகிறேன்.

தாம்போதியில் நான்காம் கியரில் சீராக ஓடுகிற கார், ஊருக்குள் நின்று நின்று போகும்போதுதான் எனக்குப் பிடிபடாமல் இருக்கிறது. கிளட்ச் மிதியை ஏறத்தாழ முழுவதும் விட்ட பிறகே அது நகரத் தொடங்குகிறது. ரயில் கடவையின் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது சில வேளைகளில் கருகிய வாடையும் வருகிறது. திருத்துநர் ஒருவர் மிதியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, கிளட்ச் தட்டை உடனே மாற்றச் சொன்னார். ஆயினும், நான்காம் கியரில் அக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினால் இரைச்சலுக்கு ஏற்ப வேகமும் கூடுவதால், தட்டு வழுக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. இது கேபிளால் இயங்கும் கிளட்ச் என்பதால், மிதியின் தளர்வைச் சரிசெய்து பார்ப்பதே முதல் வேலை என்று எண்ணுகிறேன். அது சரியா? பாதிக் கிளட்சில் காரைப் பிடித்து வைக்கும் என் பழக்கம்தான் வாடைக்குக் காரணமாக இருக்குமா?

ரிவர்ஸ் கியர் கறகறவென்றது. கிளட்சை மிதித்து இரண்டு விநாடி பொறுத்தபின் போட்டால் சத்தமின்றி விழுகிறது.

மேலும், கடற்காற்றின் உப்பு அடித்தகட்டை அரிக்காதிருக்க, மாரி மழைக்கு முன் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பது பயன்தருமா என்பதையும், தீவகப் பக்கம் தினமும் கார் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து அறியத்தாருங்கள்.