கீவேர்ட் டூல் காசு குடுத்து வாங்கத்தான் வேணுமா? (வெள்ளவத்தை, மணவறை சோடனை)

மணவறைத்தம்பி:

வணக்கம் எல்லாருக்கும். நானும் அக்காவும் கொழும்பு வெள்ளவத்தையில மணவறை, மேடைச் சோடனை, சாமத்திய வீட்டு டெக்கரேஷன் எல்லாம் ஏழு வருஷமா செய்து வாறம். இவ்வளவு நாளும் ஒருத்தர் சொல்லி மற்றவர் வாறதுதான், அதில குறை இல்லை, ஆனா இப்ப காலி ரோட்டில ரெண்டு சந்திக்கு ஒரு டெக்கரேஷன் ஆள் நிக்கிறார், அதால போன வருஷம் ஒரு பொடியனைப் பிடிச்சு தமிழ், இங்கிலீஷ் ரெண்டிலயும் வெப்சைட் ஒண்டு செய்வித்தம். வடிவாத்தான் இருக்கு, ஆனா கூகிள்ல தேடினா எங்கட கடைப் பேரை முழுசா அடிச்சாத்தான் வருது.

பிறகு ஒரு கொம்பனி எஸ்இஓ (கூகிள் தேடல்ல சைட்டை மேல கொண்டு வாற வேலை) செய்து தாறம் எண்டு மூண்டு மாசக் காசை முன்கூட்டியே வாங்கிச்சுது. கடைசியில கையில வந்தது ஒரு எக்செல் ஷீட், அதில 200 சொல். முதல் சொல்லே 'வெடிங் டெக்கரேஷன்', பக்கத்தில மாசத்துக்கு எத்தினையோ ஆயிரம் தேடல் எண்டு ஒரு எண். அவையள் சொன்னபடி அந்த 200ஐயும் முகப்புப் பக்கத்தின்ர அடியில சின்ன எழுத்தில போட்டும் பாத்தாச்சு. ஒரு கோல் வரேல்லை.

இப்ப ஒரு சிநேகிதன் சொல்லுறான் சனம் என்ன சொல் அடிச்சுத் தேடுது எண்டு காட்டுற கீவேர்ட் டூல், செம்ரஷ் இல்லாட்டி அஹ்ரெஃப்ஸ், நீயே வாங்கிப் பார் எண்டு. மாசம் நூறு டொலருக்கு மேல, எங்கட காசில முப்பதாயிரம் தாண்டுது. அக்கா அந்தக் காசுக்குப் பூ வாங்கலாம் எண்டுறா. ஆர் சொல்லுறது சரி?

கொழும்பு13:

அக்கா சொல்றது சரி.

முதல் வேலை, அடியில போட்ட அந்த 200 சொல்லையும் இன்டைக்கே தூக்குங்க. அது கீவேர்ட் ஸ்டஃபிங், தேடல் சொல்லைக் கண்டபடி திணிக்கிறது, கூகிள் அதை ஸ்பாம் என்டு வெளிப்படையாவே சொல்லுது, நன்மை ஒண்டும் இல்ல கெடுதல் வேணுமென்டா வரும். அப்படியே உங்க பொடியன் மெட்டா கீவேர்ட்ஸ்ல (பக்கத்தோட கோடுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம எழுதுற சொல் பட்டியல்) ஏதும் நிரப்பி வச்சிருந்தா அதாலயும் பிரயோசனம் இல்ல, கூகிள் அதை ராங்கிங்குக்குப் பாக்கிறதில்லை என்டு 2009லயே சொல்லிட்டாங்க, இன்னும் அதுக்குக் காசு வாங்குற ஆக்கள் இருக்காங்க, அது வேற கதை.

அந்த ஷீட்ல 'வெடிங் டெக்கரேஷன்' பக்கத்துல இருக்கிற எண் எந்த நாட்டுக்கானது என்டு எழுதியிருக்கா பாருங்க. டூல்ல நாட்டை மாத்தாம விட்டா அமெரிக்காக் கணக்கோ உலகக் கணக்கோ தான் வரும். டெக்சாஸ்ல இருக்கிற மணமகள் வெள்ளவத்தைக்கு வந்து மணவறை புக் பண்ணப் போறதில்ல தானே.

காசில்லாம கூகிளோட டூல் மூணு இருக்கு. சேர்ச் கொன்சோல், கீவேர்ட் பிளானர், ட்ரெண்ட்ஸ். இதுல முதலாவது தான் தங்கம், ஏனென்டா மத்த ரெண்டும் ஊர் உலகம் என்ன தேடுது என்டு சொல்லும், கொன்சோல் மட்டும் தான் உங்க சைட் எந்தத் தேடலுக்கு எத்தனை தரம் காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் பண்ணினாங்க, சராசரி எத்தனையாவது இடம் என்டு உங்களோட சொந்தக் கணக்கைச் சொல்லும். 16 மாசம் வரைக்கும் பின்னால போய்ப் பாக்கலாம். பெர்ஃபோர்மன்ஸ் பக்கத்துல இம்ப்ரெஷன் (காட்டப்பட்ட தரம்) கூடி கிளிக் இல்லாத சொற்களைத் தேடுங்க, பத்தாவது இருபதாவது இடத்துல தொங்கிட்டு இருக்கிறதெல்லாம் கொஞ்சம் தள்ளிவிட்டா மேல ஏறும். புதுச் சொல்லுக்கு ஓடுறதை விட அது லேசு.

பிளானருக்கு கூகிள் அட்ஸ் அக்கவுண்ட் வேணும், விளம்பரத்துக்குக் காசு போடாட்டி சரியான எண் தராது, 100 முதல் 1000 வரை என்டு ஒரு வீச்சுத் தான் தரும். உங்களுக்கு அது போதும். இடத்தை இலங்கை என்டு கட்டாயம் மாத்துங்க. ஒண்டு ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க, அதுல கொம்பெட்டிஷன் என்டு இருக்கிறது விளம்பரம் போடுறவங்களோட போட்டி, சாதாரணத் தேடல்ல மேல வாறது எவ்வளவு கஷ்டம் என்டுறது இல்ல. நான் ரெண்டு வருஷமா இதைப் பிழையா விளங்கி வச்சிருந்தேன் 😅

ரீல்ஸ்_ராசா:

வெப்சைட் எல்லாம் இப்ப யாரு மச்சான் பாக்குறா. டிக்டொக்ல மணவறை செட் பண்ற வீடியோ ஒண்டு போடு, ஃபேஸ்புக்ல பூஸ்ட் பண்ணு, முடிஞ்சுது.

கொழும்பு13:

ரீல்ஸ் பாக்கிறவன் எல்லாம் கல்யாணம் கட்டப் போறவன் இல்லையே ராசா. 'வெள்ளவத்த மணவறை விலை' என்டு அடிக்கிற ஆளுக்குத் திகதி குறிச்சாச்சு, ஹோல் புக் பண்ணியாச்சு. ரெண்டும் வேணும் தான், ஆனா இந்தாள் கேட்டது வேற.

மலரக்கா_கேக்:

தம்பி, நான் பம்பலப்பிட்டியில கேக் செய்யிறன், இந்தப் பாட்டை நானும் பட்டனான். எனக்கு ஒரு டூலும் சொல்லித் தராததை என்ர வட்ஸ்அப் சொல்லித் தந்தது. ஒருநாள் இருந்து பழைய மெசேஜ் எல்லாத்தையும் மேல தட்டித் தட்டி வாசிச்சன். நான் சைட்டில 'வெடிங் கேக்' எண்டு எழுதி வச்சிருக்கிறன், வாற சனம் முழுக்க 'கேக் ஸ்ட்ரக்சர் என்ன விலை', 'மூண்டு தட்டு ஸ்ட்ரக்சர் வாடகைக்குக் குடுப்பீங்களா' எண்டு, காட்சிக்கு வைக்கிற தட்டுக் கேக்கைத்தான் கேட்டிருக்கு. ஸ்ட்ரக்சர் எண்ட சொல் என்ர சைட்டில ஒரு இடத்திலயும் இல்லை! மாத்தினன், ரெண்டு மூண்டு மாசத்தில வித்தியாசம் தெரிஞ்சுது.

உங்கட தொழிலில இது இன்னும் கூட. நீங்களே மேல 'சாமத்திய வீடு' எண்டு எழுதியிருக்கிறீங்கள், ஆனா கார்ட்டில எல்லாரும் அடிக்கிறது 'பூப்புனித நீராட்டு விழா'. இன்னும் சில பேர் மஞ்சள் நீராட்டு எண்டுவினம், இங்கிலீஷ்ல தேடுறதுகள் பியூபர்ட்டி செரமனி எண்டு அடிக்கும், இதெல்லாம் ஒரே விசேஷம், தேடுற ஆள் தான் வேற வேற. உங்கட சைட்டில எது இருக்கு? அதோட தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில அடிக்கிற சனம் தான் கூட, வெள்ளவத்தைக்கே இங்கிலீஷ்ல கடைசி எழுத்து ஏயா ஈயா எண்டு ஆளுக்கொரு மாதிரி. கூகிள்ல பாதிச் சொல்லை அடிச்சிட்டு கீழ என்ன விழுது எண்டு பாருங்கோ, பக்கத்தின்ர அடியில வாற மற்றத் தேடல்களையும் எழுதி எடுங்கோ, லொகின் இல்லாத ஜன்னல்ல செய்யுங்கோ, இல்லாட்டி நீங்கள் முந்தித் தேடினதையே திருப்பிக் காட்டும்.

மணவறைத்தம்பி:

மலரக்கா, அந்த ஸ்ட்ரக்சர் கதைக்கு எங்கட அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறா, ஏனெண்டா எங்கட சைட்டில 'பிரைடல் ஸ்டேஜ் சொல்யூஷன்ஸ்' எண்டு போட்டுக் கிடக்கு.

@கொழும்பு13 அண்ணை, கொன்சோல் அந்தப் பொடியன் முந்தியே போட்டு வச்சிருக்கிறான், எனக்கு இப்பதான் லொகின் தந்தவன். ஒரு புதினம். இங்கிலீஷ் பக்கங்களுக்குக் கொஞ்சம் இம்ப்ரெஷன் கிடக்கு, தமிழ்ப் பக்கம் நாலுக்கும் ஒண்டுமே இல்லை. பூச்சியம். தமிழ்ல ஒருத்தரும் தேடுறதில்லை எண்டு எடுக்கிறதோ?

எழுத்துக்கோப்பு:

அண்ணா அவசரப்படாதீங்க. தமிழ்ப் பக்கத்துல ஒரு வரியை கொப்பி பண்ணி வட்ஸ்அப்ல பேஸ்ட் பண்ணிப் பாருங்க, என்ன வருது?

மணவறைத்தம்பி:

ஐயோ. இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா ஏதோ குப்பை மாதிரி வருது. ஃபோன் பிழையோ?

எழுத்துக்கோப்பு:

ஃபோன் பிழை இல்ல, அது பாமினி என்டுற பழைய தமிழ் ஃபொன்ட். நான் பிரின்டிங் பிரஸ்ல டைப்செட்டிங் செய்த ஆள், பாத்த உடனே சந்தேகம் வந்துச்சு. இங்க கல்யாணக் கார்ட், நோட்டீஸ் எல்லாம் இன்னும் பாமினியில தான் அடிக்கிறாங்க, உங்க பொடியன் கார்ட் அடிச்ச ஃபைல்ல இருந்து அப்படியே எடுத்துப் போட்டு அந்த ஃபொன்டையும் சைட்ல சேர்த்திருக்கார். பாக்கிற மனுசனுக்கு அது தமிழ், ஏனென்டா ஃபொன்ட் இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொண்டுக்கும் தமிழ் வடிவத்தைக் கீறிக் காட்டுது. கூகிளுக்கு அந்த வடிவம் தெரியாது, உள்ள இருக்கிற எழுத்தைத் தான் வாசிக்கும், அதுக்கு உங்க நாலு பக்கமும் அர்த்தமில்லாத இங்கிலீஷ். 'மணவறை' என்டு யாராவது யுனிகோட்ல (ஃபோன், கூகிள் எல்லாம் பொதுவா வாசிக்கிற எழுத்து முறை) தேடினா எப்படி அம்பிடும்?

பாமினியை யுனிகோடுக்கு மாத்துற கன்வேர்ட்டர் இலவசமா நிறைய இருக்கு. மாத்தின பிறகு ஒருக்கா கண்ணால வாசிங்க, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் சில இடத்துல இடம் மாறி நிக்கும். விலைப்பட்டியலை ஜேபெக் படமா போட்டிருந்தா அதையும் எழுத்தா அடிங்க.

மலரக்கா_கேக்:

கடவுளே, ஒரு வருஷமா கண்ணுக்குத் தெரியிற சைட் கூகிளுக்குத் தெரியாமக் கிடந்திருக்கு.

ரீல்ஸ்_ராசா:

சரி இது எனக்கும் தெரியாது. எங்க மாமாட கடை சைட்டையும் இப்ப செக் பண்றேன்.

மணவறைத்தம்பி:

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன், மன்னிக்கோணும், ஆவணி முகூர்த்தங்களோட தலை நிமிர நேரமில்லை. நாலு பக்கத்தையும் யுனிகோடுக்கு மாத்தியாச்சு, 'ஸ்டேஜ் சொல்யூஷன்ஸ்' போய் 'மணவறை வாடகை, வெள்ளவத்தை' வந்திட்டுது, சாமத்திய வீட்டுக்குத் தனிப்பக்கம், அதுக்குள்ள பூப்புனித நீராட்டு விழா எண்ட சொல்லையும் இயல்பா வாற இடத்தில எழுதினன். கொன்சோல்ல தமிழ்ச் சொல்லுகள் இப்ப தலை காட்டுது. இம்ப்ரெஷன் சின்ன எண்ணுகள் தான், 14, 9, 22 எண்டு, ஆனா 22 இருக்கிறது 'மணவறை வாடகை கொழும்பு' எண்ட தேடலுக்கு.

ஒரு கேள்வி மட்டும். அக்கா சொல்லுறா தெஹிவளை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி எண்டு ஊருக்கொரு பக்கம் செய்வமாம், அதே எழுத்து, ஊர்ப்பேர் மட்டும் மாத்தி. செய்யலாமோ?

கொழும்பு13:

வேணாம். அது டோர்வே பக்கம், அதையும் ஸ்பாம் லிஸ்ட்ல தான் வச்சிருக்காங்க. ஊர்ப்பேருக்கு கூகிள் பிஸ்னஸ் புரொஃபைலைப் போடுங்க, மெப்ல வாறது அதால தான், செய்த மணவறைப் படங்களை எந்த ஹோல் என்டு எழுதிப் போட்டா ஊர்ப்பேர் தானா வந்துரும்.

இன்னொண்டு, கொன்சோல்ல கண்ட்ரீஸ் டாப்பை அமத்திப் பாத்தீங்களா? ஆவணிக்கு வெளிநாட்டில இருந்து வந்து கட்டுற ஆக்கள் சில மாசத்துக்கு முன்னமே அங்க இருந்து தேடத் தொடங்கிருவாங்க. அதனால பிளானர்லயும் இலங்கையோட கனடா, யூகேயையும் ஒருக்கா தனித்தனியாப் போட்டுப் பாருங்க.

மணவறைத்தம்பி:

இப்ப பாத்தன். இலங்கைக்கு அடுத்தது கனடா. அக்காவுக்கு இங்கிலீஷ் பக்கத்தில டொலர் விலையும் போடச் சொல்லியிருக்கிறன், அந்த முப்பதாயிரத்துக்கு அவ பூ வாங்கிட்டா.